ஐம்பத்தைந்து கிலோ மருமகள்

தூத்துக்குடி
13-9-1976, திங்கட்கிழமை

அன்புள்ள மகள் தேவகனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாயிருக்கிறோம். நீயும் சுகமாயிருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதற்கு முந்தின கடிதத்திலும் எழுதியிருந்தாய், இரண்டையும் நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று பிறகு சொல்லுகிறேன். வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துபோவேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை இன்னும் முற்றவில்லையாம், ஜனவரிக்குப் பிறகு அறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கஸ்டம்ஸ் ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகியும் காலையில் எட்டு மணிக்கெல்லாம் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், போக இடம் இல்லை, என் அடுப்படியைத்தான் வந்து சோதனை போடுகிறார். மேல்காற்று இன்னும் அடங்கவில்லை, கொடியில் துணி காயப்போட்டால் தெருப்புழுதி எல்லாம் அதில்தான். பக்கத்து வீட்டு இசக்கித்தாயின் மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, போய்ப் பார்த்து இரண்டு சோப்பும் ஒரு சட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். புது ஹார்பருக்குப் பெரிய பெரிய கப்பலாக வருகிறது, அதனால் மீன் விலை ஏறிவிட்டது என்கிறாள் மீன்காரி. கப்பலுக்கும் சீலாமீனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் சண்டை போட்டேன். எனக்கு இப்போது யாரோடாவது சண்டை போட்டால்தான் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்குகிறது.

உன் சித்தி மகன் ஜெபசீலன் பம்பாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான். போன புதன்கிழமை நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அக்கா எப்படியிருக்கா என்று கேட்டதற்கு நல்லாயிருக்கா என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பைபிள் மேல் கையை வைக்கச் சொல்லி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாமே, என் நண்டுக் குழம்புக்கு முன்னால் எந்தச் சத்தியம் நிற்கும். மறுசோறு வாங்கும்போது பொலபொலவென்று சொல்லிவிட்டான். பெரியம்மா, கோயில்ல விசுவாசப்பிரமாணம் சொல்ல எல்லாரும் எந்திரிச்சு நின்னோம், அக்காவும் நின்னா, பாதியில அப்படியே பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல விழுந்துட்டா, தண்ணி தெளிச்சு சோடா குடுத்து டாக்சியில ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் விட்டேன் என்றான். காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழம், மத்தியானம் இரண்டு தக்காளி, ராத்திரி ஒன்றுமில்லை, ஆபீஸ் போகிற வழியில் தாதர் ஸ்டேஷன் எடை மிஷினில் காசு போட்டு ஏறி நிற்கிறாய், டிக்கட்டில் எடை குறையாவிட்டால் அன்றைக்குத் தக்காளியும் கிடையாது, இதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அவனுக்கு வைத்த சோற்றில் ஒரு பருக்கை மிச்சமில்லை, எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா மோர்ச்சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

எதற்காக இப்படிச் செய்கிறாய் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மறுநாள் வியாழக்கிழமை சாத்தான்குளம் போனேன், அங்கே புரிந்தது. கூறைப்புடவை எடுத்தாயிற்று, வந்து பாருங்கள் என்று உன் மாமியாராகப் போகிற வேதமணி மைனி சொல்லிவிட்டிருந்தாள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், கல்யாணப் புடவையையும் அதற்குண்டான ஜாக்கெட்டையும் மாப்பிள்ளை வீட்டார்தான் தைத்துக்கொண்டு வந்து பெண்ணுக்கு உடுத்திக் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டும். அதற்காகத்தான் ஜூலையில் மைனி நம் வீட்டுக்கு வந்து உன் அளவு ஜாக்கெட்டை வாங்கிப்போனாள். அப்போதே அதை விரித்து மடியில் போட்டுக்கொண்டு, என்ன மைனி, இது ஜாக்கெட்டா தோணிப் பாயா என்று நாலு பேருக்கு முன்னால் சிரித்தாள். சம்பந்தி வீடாயிற்றே என்று நானும் பல்லைக் காட்டினேன். இப்போது போய்ப் பார்த்தால் புடவை அருமையான புடவை, வெள்ளைப் பட்டு, நூலாக ஒரு ஜரிகை, குறை சொல்ல முடியாது. ஜாக்கெட்டைக் கையில் எடுத்தேன். கையைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன், என்னவோ போலிருந்தது. என் மேல் வைத்துப் பார்த்தேன் கனி, எனக்குச் சரியாக இருந்தது. ஏளா, எனக்கு! கருவாடு மாதிரி இருக்கிற எனக்கு அளவாக இருக்கிற ஜாக்கெட்டை உன் கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருக்கிறார்கள். உன் முழங்கைக்கு மேல் அந்தக் கை ஏறாது.

தையல்காரன் அளவு மாறிப்போய் வெட்டிவிட்டான் போலிருக்கிறது என்று நான் சொன்னேன். மைனி சிரித்துக்கொண்டே, பதறாதிய மைனி, எல்லாம் உங்க மக சம்மதத்தோடதான், பத்திரிகையில வந்த எடைச் சார்ட்ட அவளுக்கு அனுப்பிவச்சேன், அஞ்சடி ஆறங்குலத்துக்கு அம்பத்தஞ்சு கிலோன்னு போட்டிருக்கு, கல்யாணத்துக்குள்ள வந்துருதேன் அத்தைன்னு அவளே எழுதிட்டா, எம்மகன் பக்கத்துல போட்டோவுல அடைச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும் என்றாள். நீ எழுதினாயாமே. வந்துவிடுகிறேன் அத்தை என்று எழுதினாயாமே. எனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லையா. ஏளா, பி.ஏ. படித்து இன்சூரன்ஸ் ஆபீசில் அத்தனை பேர் கணக்கைப் பார்க்கிற உனக்கு இந்தக் கணக்குத் தெரியவில்லையா. மே மாதம் நிச்சயத்துக்கு வந்தபோது நீ எண்பத்திரண்டு. ஐம்பத்தைந்து ஆக வேண்டும் என்றால் இருபத்தேழு கிலோ போக வேண்டும், அது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை. உன் உடம்பிலிருந்து ஒரு பிள்ளையைப் பிய்த்தெடுத்துவிட்டு மிச்சத்தைத்தானா சுந்தரராஜுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், பக்கத்தில் இருந்த கருப்பட்டி வியாபாரி யாரு செத்துப்போனா அம்மா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நம் லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன், உன் உயரம், எடை, நீ செய்கிற காரியம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ குறைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த அம்மாவும் சொல்லவில்லை. மாடி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குவதும், முழங்கால் வலிக்கிறது என்று நீ தைலம் தேய்ப்பதும் எனக்குத் தெரியும், கொஞ்சம் குறைந்தால் நல்லதுதான். ஆனால் டாக்டர் சொன்னதைக் கேள். ஒரே உயரத்தில் ஒருத்தி மெல்லிய எலும்பாக இருப்பாள், ஒருத்தி அகன்ற எலும்பாக இருப்பாள், சார்ட்டில் ஒரு நம்பரைப் போட்டு இரண்டு பேரையும் அதில் நிறுத்தினால் எப்படி என்று கேட்டார்கள். மணிக்கட்டும் தோளும் எப்படி என்று விசாரித்தார்கள், நான் சொன்னேன். அப்படியானால் உங்கள் மகள் எழுபத்தைந்துக்கு வந்தாலே அது அவளுக்கு நல்ல உடம்பு, அதற்கு மேலும் இறங்கினால் இறங்கட்டும், இறங்காவிட்டால் குற்றமில்லை, ஐம்பத்தைந்து அவளுக்கு நோய்தான் என்று சொன்னார்கள். மாதத்துக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ, அதற்கு மேல் வேகம் கூடாது, சில மாதம் ஒன்றுமே குறையாது, அதற்காகத் தக்காளியை நிறுத்தக் கூடாது. அடுத்த வருடம் இதே மாதத்தை நினைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது, அக்டோபர் கல்யாணத்தை நினைத்துச் செய்கிற வேலை இல்லை. இப்படிப் பட்டினி கிடந்து இறங்கினதெல்லாம் மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் கூட இரண்டு கிலோவைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வரும், அதற்குள் ரத்தம் வற்றிப்போயிருக்கும் என்றும் சொன்னார்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன், அவர்களுக்கே சங்கடமாகப் போயிற்று.

டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா. நீ எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது டைபாய்டு வந்து கஞ்சித் தண்ணீரிலேயே கிடந்தாயே, நினைவிருக்கிறதா. கன்னம் ஒட்டிப்போய்க் கண் உள்ளே போய்விட்டது, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்குப் போட்டுத்தான் கட்டிவிட்டேன். ஆனால் சட்டைத் தோள் மட்டும் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. வளையல்காரி வந்தபோது இளைத்த கைதானே என்று சின்ன அளவு கேட்டாய், அவள் சோப்புப் போட்டுத் தள்ளியும் ஏறாமல் இரண்டு வளையல் உடைந்தது. அது அப்பா வீட்டு எலும்பு, சாயர்புரத்து அத்தையைப் பார், அவர்கள் வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, எழுபது வயதிலும் இரண்டு குடம் தண்ணீர் தூக்குகிறார்கள். என்னைப் போல நீ பிறந்திருக்கலாம் என்று சின்னதில் நீ அழுவாய். என்னைப் போலப் பிறந்திருந்தால் என் ரத்தசோகையும் சேர்ந்து வந்திருக்கும், அதை யாரும் சொல்லுவதில்லை. ஒல்லியாயிருந்தால் போதும், உள்ளே என்ன நோய் இருந்தாலும் கேட்பாரில்லை.

இனிமேல்தான் முக்கியமான செய்தி. இது மற்றவர் வாயால் உனக்கு வரக் கூடாது. உன் கல்யாண ஓலையை, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்க வேண்டும் அல்லவா, ஐந்தாம் தேதி இங்கேயும் சாத்தான்குளத்திலும் முதல் ஓலை வாசித்தாயிற்று, இரண்டு ஊரிலும் தடை சொல்ல யாரும் இல்லை. நேற்று இரண்டாவது ஓலை. சனிக்கிழமை சாயங்காலம் நான் நம் சபைக் குருவானவர் ஐயர் வீட்டுக்குப் போய், நாளைக்கு என் மகளுடைய ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐயர் திகைத்துப்போய், யோசிச்சுச் சொல்லுங்கம்மா, ஒரு தடவ நின்னா சனங்க வாய அடைக்க முடியாது என்றார். ஐயா, என் பிள்ளை பட்டினியால கோயில்ல விழுந்து கிடந்திருக்கா, அத விடவா சனங்க வாய் பெரிசு என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர், சரி, பெண்ணிடமிருந்து வார்த்தை வரட்டும், அதுவரை எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பினார். நேற்று ஆராதனையில் மற்ற இரண்டு ஜோடிக்கும் வாசித்தார், உன் பெயர் வரவில்லை. முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒவ்வொரு தலையாகத் திரும்பி என்னைப் பார்த்தது. பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் நேராகப் பார்த்தபடி நின்றேன், எந்தப் பாட்டுப் பாடினார்கள் என்று இப்போது கேட்டால் தெரியாது. அதே நேரத்தில் சாத்தான்குளத்தில் உன் பெயரையும் சுந்தரராஜ் பெயரையும் இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டு வாசித்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் நேற்றுக் காலையில் கோயிலுக்குப் போகிற வழியில்தான் சொன்னேன். முன்னாலேயே சொன்னால் தடுப்பார் என்று பயம். அவர் நடுத்தெருவில் நின்று, பொண்ணு வாழ்க்கைய நிறுத்துததுக்கு நீ யாரு, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா என்றார். பிறகு கோயிலுக்குள் வராமல் சைக்கிள் நிறுத்துகிற வேப்பமரத்தடியிலேயே நின்றார். அவர் கேட்டது நியாயந்தான். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் என்ன சொல்லியிருப்பாய், ஒன்றுமில்லை அம்மா, சுகமாயிருக்கிறேன் என்று மூன்றாவது கடிதம் எழுதியிருப்பாய். நேற்றிலிருந்து அவர் என்னோடு பேசுவது இல்லை, பூனையைக் கூப்பிட்டு அதனிடம்தான் காப்பி கேட்கிறார்.

நேற்றுச் சாயங்காலமே சுந்தரராஜ் ஹார்பர் குவார்ட்டர்சிலிருந்து வந்தான். அவன் இவன் என்று எழுதுவது உனக்குப் பிடிக்காது, வந்தார் என்றே வைத்துக்கொள். தின்ன மக்ரூன் வைத்தேன், ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அம்மா மத்தியானமே டிரங்க்கால்ல பேசுனாக, ரொம்ப வருத்தத்துல இருக்காக அத்தை, அடுத்த ஞாயிறும் நின்னா வேற மாதிரி யோசிக்கணும்னு சொல்லுதாக என்றார். எங்க மகளப் பாத்துதான சரின்னிய என்று கேட்டேன். ஆமா, பாத்தேன், புடிச்சுது, இப்பவும் புடிக்கும், எனக்கு எடையெல்லாம் ஒரு பொருட்டே இல்ல என்றார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. இத உங்க அம்மாட்ட சொன்னியளா என்று கேட்டேன். மக்ரூனைப் பார்த்துக்கொண்டே, கனியே குறைக்கேன்னு சொல்லும்போது நாம ஏன் அத்தை நடுவுல என்றார். நல்ல பையன்தான் கனி, பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையை என் வீட்டில் சொல்லுகிறார், அவர் வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாய் நாளைக்கு வருமா என்று எனக்குத் தெரியாது, அதை நீதான் அவருக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. உனக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து உன்னைப் பார்த்துவிட்டு வாய்திறக்காமல் போனதும், அதற்குப் பிறகு நீ கண்ணாடியைச் சுவரோடு திருப்பி வைத்ததும் எனக்கு மறக்கவில்லை. இந்த இடமும் போனால் என்ன செய்வேன் என்று நினைத்தால் எனக்குச் சப்தநாடியும் ஒடுங்குகிறது. அந்தப் பயத்தில்தான் நீயும் எலுமிச்சம்பழத் தண்ணீரைக் குடிக்கிறாய் என்று தெரியும். ஆனால் ஒன்று யோசித்துப் பார். எப்படியோ செத்துப் பிழைத்து அந்த ஜாக்கெட்டுக்குள் நுழைந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள், அடுத்த மாதம் அந்த வீட்டில் நீ இரண்டு கை சோறு கூட வைத்துக்கொண்டால் மைனி உன் தட்டைப் பார்ப்பாள். பிள்ளை பெற்றால் பார்ப்பாள். நாற்பது வயதிலும் பார்ப்பாள். அந்த ஜாக்கெட் ஒரு நாளைக்கு உடுத்துகிறது இல்லை, ஆயுசுக்கும் உடுத்த வேண்டியது.

சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வரும். இந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் வாசித்தால்கூட அக்டோபர் ஏழாம் தேதிக் கல்யாணம் தவறாது, ஐயரிடம் கேட்டுக்கொண்டேன். ஓலையை வாசிக்கலாம் என்றால் வாசிக்கலாம் என்று சனிக்கிழமைக்குள் தந்தி அடி, நானே சாத்தான்குளம் போய் மைனி கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் கல்யாண ஜாக்கெட்டை உன் அளவில் நான் தைப்பேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று தந்தி அடி, ஊர் வாயை நான் பார்த்துக்கொள்ளுகிறேன், நேற்றே பாதியைப் பார்த்தாயிற்று. இரண்டில் எது என்றாலும் மாதம் ஒரு கிலோ என்று டாக்டர் சொன்னபடி செய். சீனியையும் ஆபீஸ் கேன்டீன் வடையையும் விடு, காலையில் சாப்பிடு, மத்தியானம் அளவாகச் சோறும் குழம்பு மீனும் சாப்பிடு, ராத்திரி பட்டினி கிடக்காதே, சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நட. அந்த எடை மிஷினில் மாதம் ஒரு தடவைக்கு மேல் ஏறாதே. ஜெபசீலன் புதன்கிழமை புறப்படுகிறான், அவனிடம் பருப்புப் பொடியும் அவித்துக் காயப்போட்ட வேர்க்கடலையும் கொடுத்துவிடுகிறேன், இரும்புச்சத்து மாத்திரையும் டாக்டர் எழுதிக்கொடுத்தது இருக்கிறது.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் அப்பா வந்து பின்னால் நின்றார். என்னோடு பேசாத கோபத்திலேயே, அவ சாப்பிட்டாளான்னு கேட்டு எழுது என்று சொல்லிவிட்டுப் போகிறார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் எலும்புகளை அவர் பெலப்படுத்துவாராக, எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

ஞாபகம் வைத்துக்கொள். உன்னைக் கேட்காமல் உன் ஓலையை நிறுத்தினதற்கு என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு. சாப்பிட்டுவிட்டு யோசி, சாப்பிட்டுவிட்டுத் தந்தி அடி. வெறும் வயிற்றோடு நீ சொல்லுகிற எந்த வார்த்தையையும், அது வாசிக்கலாம் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, உன் வார்த்தை என்று நான் ஐயரிடம் கொண்டுபோக மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அற்புதமணி ஞானையா